மர வேலைக்கு எந்த டிரில் மெஷின்? சுவருக்கும் ஷட்டருக்கும் ஒன்றே போதுமா?

#1 பூவரசு

வணக்கம். திருச்சிக்காரன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி மர வேலையில் இறங்கலாம் என்று ஆசை. கை ரம்பம், இழைப்புளி, உளி, மூலைமட்டம் எல்லாம் அப்பா காலத்தவை, இன்றும் நன்றாகவே இருக்கின்றன. இல்லாதது டிரில் மெஷின்தான்.

முதல் வேலை, 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு புத்தக அலமாரி. அடுத்து சமையலறை அலமாரிகளுக்குக் கதவுகள், அதாவது ஷட்டர்கள். வாசல் தேக்குக் கதவின் கீல்களும் ஆட்டம் கண்டுவிட்டன, அவற்றைக் கழற்றிப் பித்தளைக் கீல் போட வேண்டும். நடுநடுவே சுவரில் படம் மாட்டுவது, தாங்கி பொருத்துவது போன்ற வீட்டு வேலைகளும் உண்டு.

கடைக்காரர் 13 மி.மீ. ஹேமர் டிரில் ஒன்றை எடுத்து வைத்து, "சார், இது ஒன்று போதும், மரம், இரும்பு, சுவர் எல்லாம் பார்க்கும்" என்கிறார். பக்கத்திலேயே பேட்டரியில் ஓடும் மெஷின்கள் வரிசையாக இருக்கின்றன. எது எதற்கு என்று பிடிபடவில்லை. வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மின்விசை

கடைக்காரர் சொன்னது சரி. 700 வாட்டுக்குக் குறையாமல் 13 மி.மீ. சக் (துளையிடும் பிட்டைக் கவ்வும் வாய்) உள்ள ஹேமர் டிரில் வாங்குங்கள். வயர் போட்டது என்பதால் நடுவில் சார்ஜ் தீர்ந்து நிற்காது. மூன்று வருடம் கழித்துப் பேட்டரிக்குத் தண்டம் அழவும் வேண்டாம். ஹேமர் குமிழைத் திருப்பினால் சுவர், மறுபக்கம் திருப்பினால் மரம். நான் எலக்ட்ரீஷியன், என் பையில் இருப்பது இது ஒன்றுதான். வீட்டு வேலைக்கு இதற்கு மேல் எதற்கு?

#3 அலமாரி

மின்விசை அண்ணன் சொல்வது சுவரில் சுவிட்ச் பெட்டி பதிப்பவருக்குச் சரி. பூவரசு ஐயா கேட்டது ஷட்டர். கோயம்புத்தூரில் மாடுலர் கிச்சன் வேலை செய்கிறேன், அதனால் ஷட்டர் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஷட்டருக்குப் போடும் கிண்ணக் கீலுக்கு, கடைகளில் ஆட்டோ ஹிஞ்ச் என்பார்களே அதற்கு, 35 மி.மீ. விட்டத்தில் குழி எடுக்க வேண்டும். வயர் டிரில் ஒன்று 2800 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் 6 மி.மீ. பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 மீட்டர் ஓடும். அதே சுற்றில் 35 மி.மீ. பிட்டின் விளிம்பு 300 மீட்டருக்கு மேல் ஓடும். மரம் அறுபடாது, உரசிக் கருகும். புகை வரும், பிட்டின் முனை நீலம் பாரிக்கும், மைக்காவின் ஓரம் பிய்ந்து எழும்பும். 35 மி.மீ. பிட்டுக்கு 450, 500 சுற்று இருந்தால் போதும். அப்போது விளிம்பு வேகம் பழையபடி ஐம்பது மீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

அடுத்தது ஸ்க்ரூ. ஓர் அலமாரிக்கு நூற்றுக்கு மேல் ஸ்க்ரூ முடுக்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூ இறுகியதும் தானே நழுவிக்கொடுக்கும் கிளட்ச் இல்லாத மெஷினில் முடுக்கினால் ஒன்று தலை பிளைக்குள் புதைந்துவிடும், இல்லையென்றால் ஸ்க்ரூவின் வாய் தேய்ந்துவிடும். பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் துளையே அரிந்துபோய், ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சுற்றும்.

ஆகவே மரத்துக்கு கிளட்சும் இரண்டு கியரும் உள்ள பேட்டரி டிரில் டிரைவர். சுவருக்கு வேறு மெஷின், அல்லது உங்கள் தெரு எலக்ட்ரீஷியன்.

#4 மின்விசை

தம்பி, என் மெஷினில் டிரிகரை மெதுவாக அழுத்தினால் வேகம் குறைகிறதே! டிரிகர் மேலேயே ஒரு சக்கரமும் உண்டு, அதைத் திருப்பி 500 சுற்றில் நிறுத்திக்கொள்ளலாம். இதற்காக இன்னொரு மெஷின் வாங்கச் சொல்வது வீண் செலவு.

#5 ஆர்மேச்சர்

நாகர்கோவிலில் பவர் டூல் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மின்விசை சொன்ன "டிரிகரை மெதுவாக அழுத்தினால்" என்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. எனவே விளக்கிவிடுகிறேன்.

டிரிகர் செய்வது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பது. மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதன் விசையும் குறையும். மோட்டாரின் அச்சிலேயே ஒரு விசிறி இருக்கிறது, உள்ளே காற்றை இழுத்துக் காயிலைக் குளிர்விப்பது அதுதான். மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். 35 மி.மீ. பிட்டை மரத்தில் வைத்து அழுத்தும்போது சுமை கூடும், காயில் சூடாகும், ஆற்றுவதற்குக் காற்று இருக்காது. பெயின்ட் கலக்குகிறேன், டைல்ஸ் பசை கலக்குகிறேன் என்று ஹேமர் டிரிலை அரை டிரிகரில் வெகுநேரம் ஓட்டுபவர்களின் மெஷினைத் திறந்து பாருங்கள். மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் மேல் வார்னிஷ் கருகி வாடை அடிக்கும். மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டைகள் உரசும் கம்முட்டேட்டரின் செம்புப் பட்டைகள் கறுத்து, இடையில் காப்பாக இருக்கும் மைக்கா பெயர்ந்து நிற்கும். அந்த நிலையில் கார்பன் மாற்றி ஒரு பயனும் இல்லை.

கியர் வேலை செய்வது வேறு வழியில். பேட்டரி டிரிலின் தலையில் 1, 2 என்று ஒரு தள்ளு பட்டன் இருக்குமே, அதை 1-இல் வைத்தால் மோட்டார் தன் முழு வேகத்தில்தான் ஓடும். சக் மட்டும் 400, 500 சுற்றுக்கு இறங்கும். குறைந்த வேகம் விசையாக மாறி பிட்டுக்கு வரும், விசிறியும் குறைவில்லாமல் சுழலும். பெரிய துளைக்கும் ஸ்க்ரூவுக்கும் 1, சிறிய துளைக்கு 2. ஓடும்போது மட்டும் அந்தப் பட்டனைத் தள்ளாதீர்கள், பல் போய்விடும்.

வயர் மெஷினிலும் இரண்டு கியர் உள்ளவை கிடைக்கின்றன, கொஞ்சம் கனம், கொஞ்சம் விலை. பேட்டரியே வேண்டாம் என்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். "வேரியபிள் ஸ்பீட்" என்று அட்டையில் போட்டிருப்பது டிரிகரைக் குறிக்கிறது, கியரை அல்ல.

#6 பூவரசு

ஆர்மேச்சர் ஐயா, நன்றி. கடையில் இம்பேக்ட் டிரில், இம்பேக்ட் டிரைவர், ரோட்டரி ஹேமர் என்று மூன்று சொன்னார்கள். மூன்றும் அடித்துத் துளைப்பவைதானே?

#7 இழைப்புத்தூள்

இதை நான் சொல்கிறேன். மரப் பொம்மைகளும் சின்ன முக்காலிகளும் செய்து விற்பவள், மூன்றையும் கையில் பிடித்திருக்கிறேன்.

இம்பேக்ட் டிரில் என்பதும் ஹேமர் டிரில் என்பதும் நம் கடைகளில் ஒன்றே. உள்ளே பல் வெட்டிய இரண்டு தகடுகள் எதிரெதிரே இருக்கும். நீங்கள் அழுத்தினால் அவை ஒன்றன்மேல் ஒன்று தட்டித் தட்டி ஓடும், பிட் முன்னும் பின்னும் அதிரும். செங்கல், பூச்சுச் சுவருக்குப் போதுமானது. கான்கிரீட் பீமில் வைத்தால் கை வலிக்குமே தவிர துளை இறங்காது.

ரோட்டரி ஹேமருக்குள் பிஸ்டன் இருக்கிறது, காற்றை அமுக்கி அதன் விசையால் அடிக்கும். கான்கிரீட்டுக்கு அதுதான். அதன் பிட் எஸ்டிஎஸ் என்னும் வரிப்பள்ளம் வெட்டிய தண்டில் வரும், அது சக்குக்குள் கொஞ்சம் முன்பின் நகரும்படியே அமைத்திருக்கிறார்கள். அதில் அடாப்டர் மாட்டி மரத்துக்குத் துளை போடலாம் என்பார்கள். பிட் ஆடும், துளை நீள்வட்டமாக வரும். அலமாரி வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

இம்பேக்ட் டிரைவர் முற்றிலும் வேறு சாதி. அதற்குச் சக் கிடையாது, கால் அங்குல அறுகோணக் குழிதான். அது முன்னால் அடிப்பதில்லை, சுற்றும் திசையில் அடிக்கிறது. ஸ்க்ரூ இறுகத் தொடங்கியதும் உள்ளே ஒரு சுத்தி பக்கவாட்டில் தட்டித் தட்டித் திருகும். அதனால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாது, நீண்ட ஸ்க்ரூ தடித்த மரத்திலும் இறங்கிவிடும். 18 வோல்ட் டிரில் டிரைவர் 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் இடத்தில் இது 150-க்கு மேல் தரும். ஆனால் கிளட்ச் இல்லை, சத்தம் காதைத் துளைக்கும். நம் ஊரில் பிளைவுட்டுக்கு எல்லோரும் போடும் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவின் தலையை வெடுக்கென்று முறித்துவிடும். முதல் மெஷினாக வாங்கத் தக்கதல்ல.

பாஷ் மெஷின்களில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள், கடையில் குழம்பாமல் இருக்க உதவும். ஜிபிஎம் என்றால் வெறுமனே சுற்றுவது. ஜிஎஸ்பி சுற்றிக்கொண்டே தட்டுவது. ஜிபிஎச் ரோட்டரி ஹேமர். ஜிஎஸ்ஆர் கிளட்ச் உள்ள டிரில் டிரைவர். ஜிடிஆர் இம்பேக்ட் டிரைவர்.

#8 மின்விசை

பேட்டரி மெஷின் எல்லாம் நேற்று வந்த பொம்மை. நாலு வருடத்தில் அந்த மாடல் பேட்டரி கிடைக்காது என்றால் மெஷினைக் குப்பையில் போட வேண்டியதுதான். என் வயர் டிரில் பத்து வருடமாக ஓடுகிறது. அதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள்.

#9 இழைப்புத்தூள்

நேற்று வந்தது என்பதை மட்டும் திருத்துகிறேன். மின்சார டிரில்லுக்கு மெல்போர்னில் 1889-இலேயே காப்புரிமை வாங்கினார்கள், ஆர்தர் ஆர்னோட், வில்லியம் பிரெயின் என்ற இருவர். அது பாறையும் நிலக்கரியும் துளைப்பதற்கு. கையில் தூக்கி வேலை செய்யும் மெஷினை 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி செய்தது. கைத்துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் டிரிகரும் பிளாக் அண்ட் டெக்கருடையவை, 1917-இல் காப்புரிமை கிடைத்தது. உங்கள் பத்து வருட வயர் டிரில்லும் அந்தப் பிடியோடுதான் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் டிரில்லை அதே கம்பெனி 1961-இல் கொண்டுவந்துவிட்டது.

அன்றைய நிக்கல் காட்மியம் பேட்டரி கனம் அதிகம், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். பேட்டரி மெஷினுக்கு இருந்த கெட்ட பெயர் அதனால் வந்தது. லித்தியம் அயன் வந்த பிறகு அந்தப் புகார் பெரும்பாலும் போய்விட்டது. பேட்டரி கிடைக்குமா என்ற உங்கள் கவலை மட்டும் நியாயம். அதை மறுக்க மாட்டேன்.

#10 அலமாரி

பூவரசு ஐயாவுக்கு, 12 வோல்ட்டா 18 வோல்ட்டா என்ற கேள்வி அடுத்து வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஷட்டர், அலமாரி, டிராயர் சேனல், கைப்பிடி போன்றவற்றுக்கு 12 வோல்ட் தாராளம். ஏறக்குறைய ஒரு கிலோ எடை. தலைக்கு மேல் கை தூக்கி வேலை செய்யும்போதும், அலமாரிக்குள் தலையை விட்டு ஸ்க்ரூ முடுக்கும்போதும் அந்த எடையின் அருமை தெரியும். என் பட்டறையில் நாள் முழுக்கக் கையில் இருப்பது அதுதான். கட்டில் கால், கதவு நிலை, தடித்த மரத்தில் 25 மி.மீ. துளை என்று போனால் 18 வோல்ட். உங்கள் பட்டியலில் தேக்குக் கதவு இருக்கிறது, ஆனால் கீல் ஸ்க்ரூ அளவுக்குத்தானே. 12 வோல்ட்டே தாங்கும்.

#11 பூவரசு

இணையத்தில் 48 வோல்ட், 88 வோல்ட் என்றெல்லாம் போட்டு, 18 வோல்ட்டைவிட மலிவாக விற்கிறார்கள். படத்தில் இரண்டு பேட்டரி, ஒரு பெட்டி நிறைய பிட்டுகள். என்ன விஷயம்?

#12 ஆர்மேச்சர்

விஷயம் ஸ்டிக்கரில் இருக்கிறது. லித்தியம் அயன் செல் ஒன்று 3.6 வோல்ட். மூன்று செல் வரிசையாக வைத்தால் 10.8, முழு சார்ஜில் கொஞ்சம் கூடும், அதை 12 என்கிறார்கள். ஐந்து வைத்தால் 18. அதையே சில கம்பெனிகள் 20 வோல்ட் மேக்ஸ் என்று போடுகின்றன. இரண்டும் ஒன்றுதான், 20 என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

48 விஎஃப், 88 விஎஃப் என்று எழுதி வருபவற்றைக் கடையில் திறந்து பார்த்திருக்கிறேன், ஐந்து செல்தான். 88 வோல்ட்டுக்கு இருபதுக்கு மேல் செல் வேண்டும், அவ்வளவும் அந்தச் சின்னப் பேட்டரிக்குள் எப்படி அடங்கும்? வோல்ட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஆம்பியர் ஹவரையும் பாருங்கள். 18 வோல்ட் 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர், 4 என்றால் 72. ஒரு சார்ஜில் எவ்வளவு வேலை நடக்கும் என்பதைச் சொல்வது அந்த எண். உங்களுக்கு 2 போதும், ஆனால் பேட்டரி இரண்டு வாங்குங்கள்.

பேட்டரியைக் கெடுப்பது பயன்பாட்டைவிட வெப்பம். வெயிலில் நிறுத்திய காரில் போட்டு வைப்பது, வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜரில் செருகுவது, இரண்டும் கூடாது. ஆறவிட்டுச் செருகுங்கள். மாதக்கணக்கில் தொட மாட்டீர்கள் என்றால் பாதி சார்ஜில் வைக்கலாம், முழுக்கக் காலியாக விட்டுவிட்டால் பிறகு சார்ஜர் அதை ஏற்காது.

பிரஷ்லெஸ், அதாவது கார்பன் இல்லாத மோட்டார், வேண்டுமா என்று அடுத்து கேட்பார்கள். கார்பன் தேயும் தொல்லை இல்லை, ஒரே சார்ஜில் வேலையும் கொஞ்சம் கூடுதலாக நடக்கும். வாரக் கடைசியில் வேலை செய்பவருக்குக் கார்பன் உள்ளதே பல வருடம் வரும். தேய்ந்தால் இரண்டு பக்கக் கார்பனையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

#13 கொட்டாப்புளி

எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். மரத்தைத் தொடுவது மெஷின் அல்ல, பிட். துரப்பணத்தில் கயிறு சுற்றி இழுத்துத் துளை போட்ட அப்பாவிடம் தொழில் கற்றவன் நான். அவர் போட்ட துளையில் இன்றைக்கும் மரையாணி ஆடாது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் முனையைத் தீட்டுவார், அதனால்.

மெஷினோடு ஒரு பெட்டி பிட் இலவசமாகக் கொடுப்பார்கள். அதில் பாதி சுவர் பிட், முனையில் கார்பைடு வில்லை ஒட்டியிருக்கும். சுவர் பிட்டை மரத்தில் போட்டால் மரத்தை நசுக்கிக்கொண்டு போகும். மீதி இரும்பு பிட். சிறிய துளைக்கு, அதாவது 2.5, 3, 4 மி.மீ.க்கு, இரும்பு பிட்டே போதும், அதில் குற்றமில்லை. 5 மி.மீ.க்கு மேல் போனால் இரும்பு பிட் மரத்தின் நாரோடு வழுக்கி, குறித்த இடத்தை விட்டு நகரும். அங்கே மர பிட் வேண்டும். நடுவில் முள்ளும் இரண்டு ஓரத்தில் கத்தி போன்ற மூக்கும் இருக்கும். முள் புள்ளியில் உட்காரும், மூக்கு முதலில் வட்டத்தைக் கீறி நாரை வெட்டும், பிறகுதான் உள்ளே இருப்பதைச் செதுக்கும். துளையின் வாய் தைத்தது போல் சுத்தமாக வரும்.

அகலமான குழிக்கு ஃபார்ஸ்ட்னர் பிட். 1874-இல் காப்புரிமை வாங்கிய பழைய வடிவம், இன்றைக்கும் மாறவில்லை. அடிப்பக்கம் தட்டையாகக் குழி எடுக்கும், மரத்தின் ஓரத்தில் பாதி வட்டம்கூட எடுக்கும். நிலையில், கட்டிலில் நீளத் துளைக்கு ஆகர் பிட். அதன் நுனியில் ஒரு திருகு இருக்கும், அது தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் அழுத்த வேண்டியதில்லை. ஆகரை வேக மெஷினில் போட்டால் இழுத்த இழுப்பில் மெஷின் கையை முறுக்கிவிடும். முதல் கியர்தான். தட்டை பிட் மலிவு, வயர் போகத் துளை போடலாம், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வேண்டாம்.

எந்தப் பிட் ஆனாலும் மறுபுறம் வெளியேறும்போது மரம் பிய்யும். கீழே ஒரு துண்டுப் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி வையுங்கள். அல்லது முள் மறுபக்கம் லேசாக எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் புள்ளியிலிருந்து போடுங்கள்.

துளை நேராக இறங்க, பிட்டுக்குப் பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி ஒரு கண்ணால் பாருங்கள். கதவு விளிம்பில் படுக்கை வசமாகப் போடும்போது, தட்டை பிட்டின் வழவழப்பான தண்டில் ஒரு வாஷரை மாட்டிவிடுங்கள். மெஷின் சாய்ந்தால் வாஷர் சக் பக்கமோ நுனிப் பக்கமோ ஓடும். ஒரே இடத்தில் நின்று ஆடினால் மட்டம்.

#14 முதிரை

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். கொட்டாப்புளி ஐயா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் கதவு யன்னலுக்கு முதிரை, பழைய வீடுகளில் பாலை. பாலை மரத்தில் துளை போடாமல் ஸ்க்ரூ இறக்கப் பார்த்தால் ஸ்க்ரூ முறியும், மரம் அசையாது. நாங்கள் சிறிய பிட்டில் முதலில் ஒரு துளை, பிறகு தேவையான அளவுப் பிட்டில் இரண்டாவது துளை என்று இரண்டு தடவையாகப் போடுகிறோம். இடையிடையே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்ட வேண்டும். தூள் உள்ளே அடைபட்டால் பிட் சூடேறிக் கூர் போய்விடும்.

18 வோல்ட் மெஷின்தான் பாவிக்கிறேன். காணிக்குள் மின்சாரம் இல்லாத இடத்தில் பந்தல், வேலி, மாட்டுக்கொட்டில் வேலை என்றால் வயர் மெஷினைக் கொண்டுபோய் என்ன செய்வது?

#15 மின்விசை

வயல்காட்டில் பேட்டரி, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஏழடிக்கு ஒரு பிளக் பாயின்ட் இருப்பவருக்கு அந்த வாதம் பொருந்தாது. கடைசியில் பாருங்கள், இந்த இழையில் எல்லோரும் சேர்ந்து ஓய்வூதியக்காரர் ஒருவரை மூன்று மெஷின் வாங்க வைக்கப்போகிறீர்கள்.

#16 மட்டுறுத்துநர்

வாதம் நடக்கட்டும், ஆள்மேல் பாய வேண்டாம். கண்ணாடி, கையுறை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, யாராவது சொல்லுங்கள்.

#17 ஆர்மேச்சர்

கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. சுற்றும் பிட்டில் கையுறையின் நூல் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துண்டு, அவிழ்ந்த முடிக்கும் அதேதான். சின்னத் துண்டு மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு துளை போடாதீர்கள், பிட் மாட்டிக்கொண்டால் மரம் விசிறியாகச் சுற்றும். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) தூளுக்கு முகக்கவசம் அவசியம், அந்தத் தூள் மிக நுண்மை. பிட் மாற்றும்போது வயரைப் பிளக்கிலிருந்து எடுங்கள், பேட்டரி மெஷினில் திசை மாற்றும் பட்டனை நடுவில் வையுங்கள், டிரிகர் பூட்டிக்கொள்ளும்.

சக்கின் சாவியை அதிலேயே விட்டுவிட்டு டிரிகரை அழுத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாவி எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வயர் மெஷின் என்றால் எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்கட்டும். மெலிந்த வயரை நீளமாக இழுத்தால் மெஷினுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும். பெரும்பாலான மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும், இரட்டைக் காப்பு என்று பொருள், அதனால்தான் இரண்டு முள் பிளக். மூன்றாவது முள் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

#18 பூவரசு

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். இரண்டு கியர், கிளட்ச் உள்ள 12 வோல்ட் டிரில் டிரைவர், இரண்டு பேட்டரியோடு. மிச்சப் பணத்தில் மர பிட்டும் 35 மி.மீ. கீல் பிட்டும். சுவர் வேலைக்கு மின்விசை மாதிரி ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். (மின்விசை ஐயா, கோபம் வேண்டாம்.)

இரண்டு சந்தேகம். தேக்குக் கதவில் பழைய ஸ்க்ரூ துளைகள் அகன்று போயிருக்கின்றன, பித்தளை ஸ்க்ரூ பிடிக்குமா? ஷட்டரில் 35 மி.மீ. குழியை எங்கே, எவ்வளவு ஆழத்தில் போடுவது?

#19 கொட்டாப்புளி

தேக்குக்கு நான் சொல்கிறேன். தீக்குச்சியைப் பசையில் தோய்த்து அடைப்பார்கள், ஓர் ஆடி மாதக் காற்றுக்குத் தாங்காது. பழைய துளையை 10 மி.மீ. மர பிட்டால் ஒரே சீராக அகலப்படுத்துங்கள். அதே தேக்கில் ஒரு கட்டை செதுக்கிப் பசை தடவி அடியுங்கள். கட்டையின் நார் ஓட்டம் கதவின் நார் ஓட்டத்தோடே போக வேண்டும். உருண்டைக் கம்பு வாங்கி அடித்தால் அதன் நார் துளையின் நீளத்துக்கே ஓடும், அதில் ஸ்க்ரூ நாரைப் பிளந்துகொண்டு நுழையும், பிடிப்பு குறைவு. ஒரு நாள் காயவிட்டு இழைத்து மட்டமாக்குங்கள்.

பிறகு எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை. பித்தளை மெதுவானது, தேக்கில் நேராக முடுக்கினால் தலை அறுந்து உடல் உள்ளே தங்கிவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முடுக்கி வழி வெட்டிக் கழற்றுங்கள். அப்புறம் பித்தளை ஸ்க்ரூவின் மரையில் மெழுகோ சோப்போ தேய்த்து, அந்த வழியிலேயே போடுங்கள். கடைசிச் சுற்று மெஷினால் வேண்டாம், கையால் திருகுங்கள்.

#20 அலமாரி

ஷட்டர் குழி. பெரும்பாலான கீல்களுக்கு ஷட்டரின் ஓரத்துக்கும் குழியின் ஓரத்துக்கும் இடையில் 3 முதல் 6 மி.மீ. விடலாம். நான் 4 அல்லது 5 விடுவேன். 4 விட்டால் குழியின் மையம் ஓரத்திலிருந்து 21.5 மி.மீ., 5 விட்டால் 22.5. எல்லா ஷட்டருக்கும் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். கீல் பெட்டிக்குள் வரும் தாளில் உங்கள் கீலின் அளவு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம் 12 மி.மீ. அளவு. 18 மி.மீ. பிளையில் அடியில் 6 மி.மீ. மிஞ்சும். 12 மி.மீ. பிளையில் இந்தக் கீல் போட முடியாது, அதற்கு முயற்சி செய்து மைக்காவைத் துளைத்துவிடாதீர்கள். பிட்டின் தண்டில் டேப் சுற்றி அடையாளம் வைப்பது சிறிய பிட்டுக்குச் சரி. 35 மி.மீ. பிட்டின் பக்கவாட்டு உயரம் குறைவு, எனவே நிறுத்தி நிறுத்திக் கீல் கிண்ணத்தையே குழிக்குள் வைத்துப் பாருங்கள்.

மையத்தில் ஆணியால் ஒரு குத்து. கியர் 1. கிளட்ச் வளையத்தை டிரில் படம் போட்ட இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் பாதியில் கடகடவென்று நழுவும். முதலில் பின்னோக்கிச் சுற்றவிட்டு மைக்காவை மட்டும் வட்டமாகக் கீறுங்கள், அப்புறம் முன்னோக்கி. இரண்டு கையாலும் பிடியுங்கள். கிண்ணம் உட்கார்ந்ததும் அதன் இரண்டு காதுகளுக்கு 2.5 மி.மீ. துளை, ஆழம் 10 மி.மீ. தாண்டாமல். அந்த ஸ்க்ரூக்களுக்குக் கிளட்ச் எண் 3 அல்லது 4-இல் தொடங்குங்கள். தலை உட்காரும் முன்பே நழுவினால் ஓர் எண் கூட்டுங்கள்.

முதலில் ஒரு வீணான பிளைத் துண்டில் முழுக் குழியும் எடுத்துப் பாருங்கள்.

#21 மின்விசை

கோபம் ஒன்றும் இல்லை. சுவர் வேலைக்குத் தில்லை நகர் பக்கம் என்றால் நானே வருகிறேன், தனிமடலில் எழுதுங்கள். ஆனால் அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் துளைகளை நான் குறித்த பிறகு பின்பலகையைப் பொருத்துங்கள். முதலிலேயே பலகையை அடித்து மூடிவிட்டு, "இதற்குப் பின்னால் எங்கோ வயர் போகிறது, பார்த்துப் போடுங்கள்" என்று சொல்லும் தச்சர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.